மாதம் 20 ஆயிரம் வருமானம், பழைய கார், 2 லட்சம் கடன்: கட்டுப்படியாகுமா? (மதுரை)

உதவிமேசை_கப்பலூர்

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு மனு எழுதுவது, பேங்க் படிவம் நிரப்புவது போன்ற உதவிகளைச் செய்துவருகிறோம். இந்த மாதம் இரண்டு பேர் கார் கடனுக்காக வந்திருக்கிறார்கள். இருவருக்குமே தப்பான யோசனை சொல்லிவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

முதலாமவர் ஒத்தக்கடை ஏ.சி. மெக்கானிக். வருமானம் சராசரியாக 22,000. சித்திரை, வைகாசியில் கூடும், ஐப்பசி முதல் மார்கழி வரை இறங்கும். ஏணி, கேஸ் சிலிண்டர், வாக்குவம் பம்ப் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறார். 2017 மாடல் மாருதி ஈகோ, 5 சீட், வெள்ளை போர்டு, 2,90,000 கேட்கிறார்கள். கையில் 90,000 இருக்கிறது. ஒரு ஃபைனான்ஸில் 2 லட்சம், 36 மாதம், "ஒரு ரூபாய் வட்டி", மாதத் தவணை 7,556 என்று சொல்லியிருக்கிறார்கள். பேங்கும் ஒரு ரூபாய் வட்டிதானே போடுகிறது, இங்கேயே எடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டாமவர் மில் தொழிலாளி, செக்கானூரணி பக்கத்துக் கிராமம். வேலைக்கு ஒரு நடை சுமார் 20 கி.மீ. இரவு ஷிப்ட் 12 மணிக்கு முடிகிறது, அதற்குப் பிறகு பஸ் இல்லை. சம்பளம் 19,000, பேங்க் கணக்கில் வருகிறது. 2014 மாடல் ஆல்டோ 800 பார்த்து வைத்திருக்கிறார், விலை 1,70,000. அதில் 1,20,000 கடன் வேண்டும்.

கணக்கன்64

ஐயா, அந்த "ஒரு ரூபாய் வட்டி" என்ற சொல்லில்தான் ஏமாற்றமே இருக்கிறது. அதை முதலில் பிரித்துவிடுவோம்.

ஃபைனான்ஸ் சொல்வது பிளாட் வட்டி. 2 லட்சத்துக்கு வருடம் 24,000, மூன்று வருடத்துக்கு 72,000. மொத்தம் 2,72,000-ஐ 36-ஆல் வகுத்தால் 7,556. பேங்க் சொல்வது குறையும் இருப்புக்கான வட்டி. மாதாமாதம் அசல் குறையக் குறைய, மிச்சம் இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. அதே 2 லட்சம், அதே 36 மாதம், அதே 12 சதவீதம் என்றால் தவணை 6,643. மொத்த வட்டி ஏறக்குறைய 39,150. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 33,000 ரூபாய்.

திருப்பிப் போட்டுச் சொன்னால், 12 சதவீத பிளாட் என்பது குறையும் இருப்புக் கணக்கில் 21 சதவீதத்துக்கும் மேல். நீங்கள் பாதிக்கு மேல் அசலைத் திருப்பிக் கட்டிவிட்ட மூன்றாம் வருடத்திலும் முழு 2 லட்சத்துக்கே வட்டி வாங்குகிறார்கள், அதனால்தான்.

பேங்கிலும் கவனம் வேண்டும். 12 சதவீதம் என்று சொல்லிவிட்டு, பிராசசிங் ஃபீஸ், டாக்குமெண்ட் செலவு, வண்டி மதிப்பீடு, கடன் இன்சூரன்ஸ் என்று 12,000 பிடித்துக்கொண்டு 1,88,000 மட்டும் கையில் கொடுத்தால் உண்மையான வருட விகிதம் 16 சதவீதத்தைத் தாண்டிவிடும். தவணைத் தொகை மாறாது, அதனால் வெளியே தெரியாது.

இதற்கு நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் எதுவானாலும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சுருக்கமாக கே.எஃப்.எஸ். என்பார்கள். பேங்குக்கும் ரிசர்வ் வங்கியில் பதிவான ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இது பொருந்தும். எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்த வருட விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., அதில் ஒரே எண்ணாக இருக்கும். தவணை அட்டவணையும் கூட இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், தமிழிலேயே கேளுங்கள். குறைந்தது 3 வேலை நாளுக்கு அந்த விவரம் செல்லுபடியாகும். "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க, நாளைக்கு ரேட் ஏறிடும்" என்பவரிடம் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏ.பி.ஆர். வரியை மட்டும் ஒப்பிட்டால் போதும். கே.எஃப்.எஸ். தர முடியாது என்று சொல்கிற இடத்தில் கடன் வாங்கவே வேண்டாம்.

ஸ்பேனர்செட்

வட்டியைப் பற்றி கணக்கன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா கடன் முழுகுறது வட்டியால மட்டும் இல்ல. நாலாவது மாசம் கிளட்ச் போயி, ஏழாவது மாசம் ரேடியேட்டர் போயி, அதுக்கு 15,000 புரட்ட முடியாம வண்டி ஷெட்டுல நிக்கும். வண்டி நின்னா வருமானம் நிக்கும், தவணையும் நின்னுரும். அதனால வண்டியை முதல்ல பாருங்க, கடன் அதுக்கப்புறம்.

ஈகோவுக்கு என்ன பார்க்கணும்னு சொல்றேன்.

வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடி "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு போன்ல சொல்லிருங்க. போனதும் முன் சீட்டைத் தூக்கி, அடியில இருக்குற இன்ஜின் பக்கம் கை காட்டிப் பாருங்க. சூடா இருந்தா ஏற்கெனவே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துருங்க. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகுறப்ப வர்ற சத்தமும் புகையும்தான் நிஜம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை ரெண்டு நிமிஷத்துல நின்னா வெறும் ஈரம். நிக்காம இனிப்பு வாசத்தோட வந்துக்கிட்டே இருந்தா கூலண்ட் உள்ள போகுது, ஹெட் கேஸ்கெட் வேலை.

ஈகோவுல இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கி ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்க. மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தா தண்ணி கலந்திருக்கு. இன்ஜின் ஓடுறப்பவே மூடியைத் திறந்தா லேசா காத்து வரும், அது இயல்பு. குபுகுபுன்னு புகை தள்ளிச்சுன்னா ரிங் தேஞ்சிருச்சு, அந்த வண்டி வேண்டாம்.

இது பின் சக்கரத்துல ஓடுற வண்டி, நடுவுல புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கு. முதல் கியர்ல இருந்து ரிவர்ஸுக்கு மாத்தி மாத்தி மெதுவா கிளட்ச் விடுங்க. அடியில "டக்"னு அடிச்சா யுனிவர்சல் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு. அது பெரிய செலவு இல்ல, விலையில குறைச்சுக்கலாம். பக்கவாட்டு ஸ்லைடிங் கதவைப் பத்து தடவை திறந்து மூடுங்க. ஏணி ஏத்தி இறக்குற ஆளுக்கு அந்த ரோலர் முக்கியம்.

பகல் ரெண்டு மணி வெயில்ல ஏ.சி. போட்டு இருபது நிமிஷம் ஓட்டுங்க. காலைல எட்டு மணிக்கு எந்த வண்டியும் சூடேறாது. டெம்பரேச்சர் விளக்கு எரியுதா, ரேடியேட்டர் ஃபேன் கட்டாகி கட்டாகி ஓடுதான்னு அப்பத்தான் தெரியும்.

அடுத்து வெள்ளத்துல முழுகுன வண்டி. 2015-லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில தண்ணிக்குள்ள நின்ன வண்டிங்க தெற்க நிறைய வந்துச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. சீட்டு, மேட்டு எல்லாம் புதுசா மாத்திருவாங்க, பெல்ட்டோட உள் நுனியை யாரும் மாத்துறதில்ல. அங்க ஒரு கோடு மாதிரி சேத்துக் கறை இருக்கும், தொட்டா சொரசொரன்னு மண் ஒட்டும். சீட் தண்டவாளத்துல துரு, டேஷ்போர்டு அடியில வயர் சாக்கெட்டுல பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கிறது எல்லாமே அதே கதைதான். என்ன விலைக்குத் தந்தாலும் வாங்கக்கூடாத வண்டி அது ஒண்ணுதான்.

டயர் ஓரத்துல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டுன டயர் நம்ம ஊர் வெயிலுக்கு வெடிப்பு விட்டிருக்கும்.

இது எல்லாத்தையும் விக்கிறவரோட மெக்கானிக்கை வச்சுப் பார்க்காதீங்க. உங்க ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க.

உதவிமேசை_கப்பலூர்

ரொம்ப நன்றிங்க. அந்த 90,000-ஐ முழுசாக முன்பணமாகக் கட்டிவிட்டுக் கடனைக் குறைப்பதா, கொஞ்சம் கையில் வைப்பதா?

ஸ்பேனர்செட்

கையில கட்டாயம் 25,000 இருக்கணும். வாங்குன முதல் மாசமே எல்லா ஆயில், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் பேட், பேட்டரி எல்லாம் பார்த்தாகணும். அதுக்கே 10,000 கிட்ட போயிரும். மிச்சம் கிளட்சுக்கும் டயருக்கும். 2,90,000-ன்னு கேட்டா, மேல சொன்ன குறைகளைக் காட்டி 2,65,000-க்குக் கொண்டுவரப் பாருங்க. 65,000 முன்பணம், 2 லட்சம் கடன், 25,000 தனிக் கணக்குல. இல்லைன்னா அடுத்த வண்டி பாருங்க, மதுரையில ஈகோவுக்கா பஞ்சம்.

ஆர்சிபுக்

காகிதம் பக்கம் நான் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, இ-சலான் பாக்கி உண்டா எல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் பெயர் நின்றால், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) அந்தக் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் விற்பவர் தர வேண்டும். "கடன் எல்லாம் முடிஞ்சிருச்சு, என்.ஓ.சி. அப்புறம் வரும்" என்றால் அதுவரை டோக்கன் பணம்கூட வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுக் கடனைப் பதிவு செய்யப் படிவம் 34. டி.என். 58, 59, 64-க்கு வெளியே, வேறு ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி என்றால் படிவம் 28-ல் அந்த ஊர் என்.ஓ.சி. தேவைப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமல் வைத்துக்கொள்ளும் "ஓப்பன்" பழக்கம் இங்கே அதிகம். விற்பவருக்கும் அது ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் விற்பவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட வருவார்.

இன்னொன்று, "மிச்ச டியூவை நீங்க கட்டிட்டு வண்டியை வச்சுக்கங்க" என்று கடனோடு கைமாற்றுவது. கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டு கடனை உங்கள் பெயருக்கு மாற்றாத வரை நீங்கள் கட்டுவது அத்தனையும் வேறொருவர் கணக்கில் சேரும். வண்டி என்றைக்கும் உங்களுடையது ஆகாது.

இன்சூரன்ஸ்: வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். ஈகோ 1,196 சி.சி., அதற்குத் தேர்ட் பார்ட்டி 3,416. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031 வரும். ஆல்டோ 800-க்கு 2,094, வரியோடு 2,471. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணம் இது. கடன் கொடுப்பவர் முழு இன்சூரன்ஸ் கேட்பார், அது தனி. அவர் சொல்லும் இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடனோடு ஆயுள் காப்பீடும் ஒட்டிவிட்டிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஈகோவில் கார்கோ மாடலும் இருக்கிறது, குழம்ப வேண்டாம். அது சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் பிறகு வருடாவருடமும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். சொந்தக் கருவிகளை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போக 5 சீட் வெள்ளை போர்டே போதும். அதில் வாடகைக்கு ஆளோ சரக்கோ ஏற்றினால் மட்டும் இன்சூரன்ஸ் செல்லாது.

மகளிர்குழு_அக்கா

வருமானச் சான்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. மெக்கானிக் தம்பிக்கு பேங்கில் "இல்லை" என்று சொல்லும் இடமே அதுதான். வேலைக் கூலியைக் கையில் வாங்கிச் செலவழித்துவிட்டு, கடன் கேட்கும்போது 22,000 சம்பாதிக்கிறேன் என்றால் எந்த மேனேஜரும் நம்ப முடியாது. இன்றைக்கிலிருந்து ஆறு மாதம் எல்லாக் கூலியும் ஒரே கணக்கில் விழட்டும். வாடிக்கையாளரை ஜி-பேயில் போடச் சொல்லட்டும். ரொக்கமாக வந்தால் வாரம் ஒருமுறை போய்க் கட்டட்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், அரசுத் தளத்தில் ஆதார் எண்ணோடு பத்து நிமிட வேலை. அதற்கு ஆயிரம், ரெண்டாயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள். இ-ஷ்ரம் அட்டை வருமானச் சான்று ஆகாது.

கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். மொபைல் தவணை 800 ரூபாய் பாக்கி, எப்போதோ போட்ட ஜாமீன் கையெழுத்து, முடித்த கடன் முடியாததாகக் காட்டுவது இவைதான் அதிகம் தடுக்கும். தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. சும்மா பத்து ஆப்பில் "எலிஜிபிலிட்டி" பார்ப்பதும் வேண்டாம், உண்மையான விண்ணப்பமாகிவிட்டால் ஒவ்வொன்றும் அறிக்கையில் பதியும்.

அவர் தொழில் செய்பவர் என்பதால் அரசின் முத்ரா தொழில் கடன் கேட்கலாம். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. பழைய வண்டிக்குக் கிளை மேனேஜர் தயங்குவார். அதனால் மனுவில் "கார்" என்று மட்டும் எழுதாமல், ஒரு நாளைக்கு எத்தனை வேலை, பைக்கில் போவதால் எத்தனை வேலையைத் திருப்பி அனுப்புகிறார், வண்டி வந்தால் மாதம் எவ்வளவு கூடும் என்று ஒரு பக்கம் எழுதி, பத்து வாடிக்கையாளர் பில்லும் சேர்த்துக் கொடுங்கள். பிற்படுத்தப்பட்டோர் என்றால் டாப்செட்கோ கடன் கூட்டுறவு வங்கி வழியாக வருகிறது, குடும்ப வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர் என்றால் தாட்கோ. இரண்டிலும் ஒப்புதல் வருவதற்கு முன்பு வண்டியை வாங்கிவிட்டால் கடன் கிடைக்காது. இந்த ஒரு தவறால் மனு திரும்பி வருவதுதான் அதிகம்.

வைகைக்கரை

அக்கா, வீட்டுல மனைவி மகளிர் குழுவுல இருந்தா அதுல எடுக்குறதுதானே சுலபம்? 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம்தான். எதுக்கு ஃபைனான்ஸ், முத்ரான்னு அலையணும்?

மகளிர்குழு_அக்கா

7 சதவீதம் என்பது குழுவுக்கு மொத்தமாக வரும் கடனுக்குத் தம்பி. பன்னிரண்டு பேருக்கு வந்ததில் ஒரு வீட்டுக் காருக்கு 2 லட்சம் போனால் மற்ற பதினொரு பேர் என்ன செய்வார்கள்? மார்கழியில் மெக்கானிக்குக்கு வேலை குறைந்து இரண்டு தவணை நின்றால் மொத்தக் குழுவின் தரமும் இறங்கும், அடுத்த கடன் எல்லாருக்கும் தடைபடும். அந்த அவமானத்தைத் தெருவில் சுமப்பது அவர் மனைவிதான். பழுது பார்க்க 15,000, 20,000 அவசரம் என்றால் குழுவின் உள்கடனில் எடுக்கட்டும், அது சரி. காருக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேலை செய்யும் இடத்தில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அதை முதலில் கேளுங்கள். சம்பளத்திலேயே பிடித்துவிடுவதால் தவணை தவறாது, மறைமுகப் பிடித்தங்களும் குறைவு. மில் தொழிலாளிக்கு அது பொருந்தலாம்.

கணக்கன்64

அக்கா சொன்னதை ஏற்கிறேன். மில் தொழிலாளி கணக்குக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

போக வர 40 கி.மீ., மாதம் 26 நாள், 1,040 கி.மீ. லிட்டருக்கு 18 கொடுத்தால் 58 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலே 5,850 ஆகிறது. 1,20,000 கடன், 15 சதவீதம் குறையும் இருப்பு, 36 மாதம் என்றால் தவணை 4,160. இன்சூரன்ஸுக்கு மாதம் 200, பராமரிப்புக்கு 1,500 ஒதுக்கினால் மொத்தம் 11,700. சம்பளம் 19,000. அரிசி, வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் 7,300-க்குள் முடியாது. வட்டியைப் பாதியாக்கினாலும் மாதம் ஏறக்குறைய 430 ரூபாய்தான் குறையும். அவரைச் சாய்ப்பது பெட்ரோல்தான்.

வண்டி வயதும் உதைக்கும். 2014 மாடல், மூன்று வருடக் கடன் முடியும்போது பதினைந்தை நெருங்கிவிடும். கடன் முடிவில் வண்டி வயது 10, 12-க்கு மேல் போகக் கூடாது என்றே பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். மீறிக் கொடுப்பவர் வட்டியில் அதை எடுத்துவிடுவார். பதினைந்து முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டி எஃப்.சி. வாங்கும் செலவும் வந்து நிற்கும்.

அதே தூரம் பைக்கில், லிட்டருக்கு 50 என்றால் மாதம் 2,100 ரூபாய்.

ஸ்பேனர்செட்

ஆல்டோ 800-ல டைமிங் பெல்ட்டு வேற. பழைய வண்டியில அது எப்ப மாத்துனாங்கன்னு பில்லு இல்லைன்னா, வாங்குன அன்னைக்கே மாத்தணும். அறுந்தா நடு ராத்திரி நாலு வழிச்சாலையில வண்டி நின்னுரும். ஆல்டோ கே10, வேகன்-ஆர் 1.0 ரெண்டுலயும் செயின், அந்தத் தொல்லை இல்ல.

வைகைக்கரை

ஒரே ஷிப்ட்டுல அந்தப் பக்கம் நாலு பேர் இருந்தா பெட்ரோலைப் பங்கு போடலாமே? ஆளுக்கு 1,500 கூட வராது.

ஆர்சிபுக்

கூட வேலை பார்ப்பவர்கள் பெட்ரோலைப் பகிர்ந்துகொள்வது வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ஓட்டுவது வேறு. இரண்டாவது வாடகை ஆகிவிடும், வெள்ளை போர்டில் கூடாது. பாலிசியிலேயே வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் எடுத்து நீட்டும் வரி அதுதான். நான்கு குடும்பம் அதில் சிக்கும். உதவி மேசை செய்ய வேண்டியது, அந்த வழியில் இரவு 12 மணிக்கு ஷிப்ட் முடித்துப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பெயர்ப் பட்டியல் எடுத்து, மில் நிர்வாகத்திடம் வேன் கேட்டு மனுக் கொடுப்பது. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தாலே ஒரு வேன் வாடகை நிர்வாகத்துக்குப் பெரிய தொகை இல்லை.

மெக்கானிக்குக்கு ஒரு சின்னத் தகவல். திருமங்கலம் பக்கம் வேலைக்கு அடிக்கடி போனால் கப்பலூர் டோல் தினம் கடிக்கும். தனியார் காருக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருட பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய், 200 முறை கடக்கலாம். மஞ்சள் போர்டுக்குக் கிடையாது.

உதவிமேசை_கப்பலூர்

மில் தொழிலாளிக்குக் கார் வேண்டாம் என்பது தெளிவாகிவிட்டது, அவரிடம் இந்தக் கணக்கையே காட்டுகிறேன். வேன் மனுவையும் எழுதுகிறோம். மெக்கானிக்குக்கு ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? ஃபைனான்ஸில் ஐந்து வெற்றுச் செக்கும் கேட்டார்களாம்.

கணக்கன்64

வெற்றுச் செக் வேண்டாம். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் நாச் ஒப்புதலே போதும். செக் கட்டாயம் என்றால் தொகையும் பெயரும் எழுதி, கடன் எண்ணைப் பின்பக்கம் குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுக்கட்டும். நாச் திரும்பினாலும் செக் திரும்பியது போலவே வழக்குப் போட முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிடிக்கும் தேதியை ஒன்றாம் தேதி வைக்காமல், அவருக்குப் பணம் வந்து சேரும் நாளுக்குப் பின்னால் 7 அல்லது 10 என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முறை திரும்பினால் பேங்க் ஒரு தண்டம், ஃபைனான்ஸ் ஒரு தண்டம்.

சீசன் வருமானத்துக்கு ஒரே வழி, சித்திரையிலும் வைகாசியிலும் கூட வரும் பணத்தில் இரண்டு தவணைத் தொகையை அந்தக் கணக்கிலேயே விட்டுவைப்பது. அதை முன்கூட்டிக் கடனில் கட்டிவிட வேண்டாம். கட்டிவிட்டால் மார்கழியில் திரும்பி வராது.

தவணைத் தவறுக்குப் போடும் தண்டத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. கணக்குத் தாளில் அப்படிச் சேர்த்திருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

நடுவில் முடிப்பதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த 7,556 தவணைக் கடனை 12 மாதம் கட்டியபின் முடிக்கப் போனால், "மிச்சம் 24 டியூ, 1,81,344 கட்டுங்க" என்று கேட்கும் இடங்கள் உண்டு. தவணை அட்டவணைப்படி அன்றைக்கு அசல் பாக்கி ஏறக்குறைய 1,46,800-தான். வராத இரண்டு வருடத்துக்கும் வட்டி கேட்கிறார்கள் என்று அர்த்தம். முடிக்கும் கட்டணம் எத்தனை சதவீதம் என்பது கே.எஃப்.எஸ்.ஸில் இருக்கும், கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

ஆர்சிபுக்

வண்டியைத் தூக்குவது பற்றி. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும், அதனால் தூக்கவே முடியாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். ஆனால் முன்னறிவிப்பு வேண்டும், அடியாள் வைத்து நடுரோட்டில் பிடுங்கக் கூடாது. அடியாட்களை வைத்து வசூலிப்பதை 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜெண்ட் போன் செய்யக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி.

ஒரு தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே, தவறுவதற்கு முன்பு, கிளைக்கு எழுத்தில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். இரண்டு மாதம் போனை எடுக்காமல் இருந்தால்தான் வண்டியைத் தேடி ஆள் வரும். எடுத்தே விட்டால், வண்டிக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டரும் வாக்குவம் பம்பும் கடனில் சேராது, அவை அவருடையவை. புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும் பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம். விவரம் கேட்க 14448. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பதிவில்லாத தண்டல்காரர், மீட்டர் வட்டிக்காரர் என்றால் இந்த வழி கிடையாது, 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீஸ் புகார்தான்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை நீக்கினால்தான் (ஹெச்.பி. கேன்சல்) வண்டி முழுசாக அவருடையது. கடன் முடிந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. என்.ஓ.சி.க்கும் காலக்கெடு உண்டு, பீரோவில் வைத்துவிட்டுப் பல மாதம் கழித்துப் போனால் மறுபடி புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள்.

உதவிமேசை_கப்பலூர்

அந்த ஃபைனான்ஸில் இன்று கே.எஃப்.எஸ். கேட்டோம், திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக் தம்பி பேங்கிலும் ஒரு மனு கொடுத்துவிட்டார். ஸ்பேனர்செட் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வண்டி பார்க்கப் போகிறார்கள். ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியாயிற்று. சிங்கிள் ஓனர் என்கிறார்கள், ஆனால் ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர் என்று இருக்கிறது.

ஸ்பேனர்செட்

அப்ப பேசுறதை நம்ப வேண்டாம், ஆர்.சி.தான் கணக்கு. முதல் ஓனர் எந்த ஊர்னு பாருங்க. சென்னை வண்டியா இருந்தா சீட் பெல்ட்டை முதல்ல இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, இன்ஜினுக்கு அப்புறம் போகலாம்.